இரண்டாம் அளவு, மூன்றாம் ஆள்

மருந்துக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.
புட்டியின் கழுத்தில் ஒரு வெள்ளைச் சீட்டு,
அதில் நான்கு எழுத்தும் ஓர் எண்ணும்.
தவுனோவுக்கும் இங்கே பெயர் கிடையாது.
0-2-3:
இரண்டாம் அளவு, மூன்றாம் ஆள்.

ஓவுலு நகரத்து மருத்துவமனை, ஐந்தாம் மாடி.
பிப்ரவரியில் இங்கே ஒன்பதை ஒட்டித்தான் விடிகிறது.
எட்டு நாற்பதுக்குச் சொட்டு இறங்கத் தொடங்கும்.
அரை மணியில் ரத்தம் எடுப்பேன்,
ஒரு மணியில், இரண்டில், நான்கில்,
எட்டில்,
மறுநாள் அதே எட்டு நாற்பதுக்கு.
இரண்டு நிமிடம் பிந்தினாலும் காரணம் எழுத வேண்டும்.
ஒருமுறை எழுதினேன்:
"நோயாளி சிரித்துக்கொண்டிருந்தார்."
சிவப்பில் சுழித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

முப்பத்துநான்கு பக்க ஒப்புதல் படிவத்தைக்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மூக்கருகே பிடித்து
வரி விடாமல் படித்தவர் அவர் ஒருவர்தான்.
பதினோராம் பக்கத்தில் விரலை ஊன்றினார்:
உங்களுக்குப் பயன் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.
"இந்த வரி நேர்மையாக இருக்கிறது" என்றார்,
"மற்றதெல்லாம் வக்கீல்."

டாக்டர் ரவுத்தியோ நல்ல மனுஷி.
ஆளுக்குத் தகுந்தபடி சொல்வதாக நினைத்து
"உங்கள் பனிச்சாலை மாதிரிதான்" என்று ஆரம்பித்தார்,
"முதலில் கொஞ்சம் எடை. தாங்கினால் இன்னும் கொஞ்சம்."

முப்பத்தோரு குளிர்காலம்
உறைந்த கடல்மேல், தீவுக்குப் போகும் பாதையில்
துளை போட்டு, அளவுகோல் இறக்கி,
இத்தனை சென்டிமீட்டர் கனம், இத்தனை டன் போகலாம் என்று
பலகை நட்டவர்
தலையை ஆட்டினார்.
"துளை போட்டுப் பார்த்தபிறகுதான் நான் லாரியை விடுவேன், டாக்டர்.
இங்கே துளையும் நான், லாரியும் நான்.
ஆழம் பார்க்க விட்ட கால்.
இருக்கட்டும், பேனாவைக் கொடுங்கள்."

"எனக்கு முன்னால்?" என்று என்னிடம் கேட்டார்.
எலிகள். குரங்குகள். பிறகு ஐந்து பேர்.
"இருக்கிறார்களா?"
சொல்ல அனுமதியில்லை.
சொட்டின் வேகத்தைச் சரிபார்ப்பவள்போல் திரும்பிக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள் காய்ச்சல். முப்பத்தொன்பது புள்ளி ஆறு.
தாங்கக்கூடிய பக்கவிளைவு என்கிறது அட்டவணை.
கட்டிலின் கம்பி கடகடவென ஆடியது.
துவாலையைக் கடித்த பற்களுக்கிடையே
"இதையும் எழுதிக்கொண்டாயா?" என்றார்.
எழுதினேன், மணியோடு.

இருபத்தெட்டாம் நாள் இடுப்பெலும்பில் ஊசி இறக்கினார்கள்.
மஜ்ஜையில் கெட்ட செல்கள்
வந்தபோது இருந்ததைவிடக் கூடுதல்.

வியாழக்கிழமைக் கூட்டம் பத்து நிமிடம்தான்.
இரண்டாம் அளவு பாதுகாப்பானது.
மூன்றாவதுக்குப் போகலாம்.
எல்லோரும் தலையசைத்தார்கள், நானும்தான்.
நல்ல செய்தி.
நல்ல செய்தி என்று எனக்கே சொல்லிக்கொண்டு
எவ்வளவு நேரம் கை கழுவினேனோ.

மருமகன் கார் கொண்டுவந்த அன்று
ஒற்றைக் கையுறையைத் தேடியபடி கேட்டார்:
"அடுத்த ஆளுக்கு எவ்வளவு?"
சொல்லக்கூடாததைச் சொன்னேன்: இரட்டிப்பு.
மெல்ல விசிலடித்தார்,
தூரத்தில் ஒரு கனரக லாரி வருவதைப் பார்த்தவர்போல்.

ஏப்ரலில் வீட்டிலேயே போய்விட்டார்.
மே மாதம் கடல் உடைந்தது, பலகைகளைக் கழற்றினார்கள்.
மைனஸ் எண்பது டிகிரி பெட்டிக்குள்
அவருடைய குழாய்கள் இன்னும் உறைந்தபடி,
மணி வாரியாக.

இன்று 0-3-1.
கெமியிலிருந்து வந்த இசை ஆசிரியை,
மடியில் பாதி பின்னிய பச்சைக் காலுறை.
ஊசியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கிறார்:
"எனக்கு முன்னால் யாராவது?"

ஆறு பேர் என்கிறேன்.
அடுத்த கேள்வி வருமென்று காத்து நிற்கிறேன்.
வரவில்லை. அவர் ஒரு கண்ணி பின்னுகிறார்,
இன்னொன்று.

எட்டு நாற்பத்திரண்டு.
காரணம் என்ற கட்டத்தின்மேல்
என் பேனா.