அரை டிக்கெட்

தாளடி அறுத்த வயலில் கூடாரம்,
மன்னார்குடிக்குத் தெற்கே.
சர்க்கஸை ஒட்டித் தனிக் கொட்டகை, தனி டிக்கெட்:
உடம்பில்லாத பெண்.

தாம்பாளத்தில் தலை. தலையில் கனகாம்பரம்.
பெயர் கேட்டவர்களுக்கு "எஸ்தர் ராணி" என்றது.
என்னிடம் மட்டும்,
"சட்டையில பேனா கசியுது பாருங்க."

அன்றிரவே வரைந்தேன், தலையம்மாவை.
ஞாயிறு இணைப்பில் நான்கு கட்டம்.
முழு டிக்கெட்டா அரை டிக்கெட்டா என்று
கண்டக்டர் திணற
ஊரே சிரித்தது.

நாலாம் வாரம் போனேன்.
ஆட்டம் முடிந்து, கண்ணாடிகளுக்குப் பின்னாலிருந்து
தவழ்ந்து வந்தாள்.
ஊக்கு குத்திய செருப்பைத் தேடி மாட்டி
மரத்த காலை உதறி உதறி நின்றாள்,
உளுந்துச் செடியை மிதிக்காமல்.
பேப்பரை இருமுறை படித்தாள்.
"நல்லாத்தான் இருக்கு.
ஒரே ஒரு வாரம் நடக்க விடுங்களேன்."

ஆசிரியர் ஒப்பவில்லை.
கால் முளைத்தால் கதை போச்சு என்றார்.

ஆறாம் வாரம், மூன்றாவது கட்டத்தில்,
மேஜைக்கு அடியில்
செருப்பு மட்டும் வரைந்தேன். ஊக்கோடு.
அதற்குள் கூடாரம் பட்டுக்கோட்டை தாண்டியிருந்தது.
அச்சில் மை வேறு அப்பிவிட்டது.

வடுவூரிலிருந்து ஒரு கார்டு:
தலையம்மா எப்போதிருந்து
பூனை வளர்க்கிறாள்?