குறுக்கே எழுதியவை

பக்கத்துக்கு ஆறு பென்னி. மெழுகுவர்த்தி என் செலவு.
கிடைவரியை மட்டும் பிரதியெடு,
குறுக்கே ஓடுவதை விட்டுவிடு என்றார்
எடின்பரோ சங்கத்துச் செயலர் கார்ஃப்ரே.
இருவரும் இறந்தாயிற்று,
அச்சேற வேண்டியது நத்தைகள் மட்டும்.

தாளை எண்ணித் தபால்கூலி வாங்கிய காலம் அது.
ஆர்க்னித் தீவில் பள்ளி வாத்தியார் மேக்னஸ் ஹால்க்ரோ
பக்கம் நிறைய நத்தைகளை எழுதுவார்.
பிறகு தாளைக் கால்வட்டம் திருப்பி
எழுதியதன் மேலேயே
வீட்டை எழுதுவார்.
பெர்கனிலிருந்து செவரின் ஓஸ்கோர்டும் அப்படித்தான்.
காயப்போட்ட வலைபோல் இருக்கும் தாள்.
கண்ணைச் சுருக்கிச் சாய்த்துப் பிடித்தால்
ஒன்று மிதக்கும்,
மற்றது மூழ்கும்.

முதல் வாரம் சொன்னபடி செய்தேன்.
பதினெட்டுப் பாகம் ஆழத்தில்
அடிவலையில் வந்தது, கடுகளவு,
ஓட்டின் சுற்று
ஏழா, ஒன்றா?
எண்ணின் தலைமேல் ஒரு சொல் ஏறிப் போயிருந்தது.
சொல்லைப் படிக்காமல் எண்ணைப் பிரிக்க முடியாது.
தாளைத் திருப்பினேன்.
இஸ்பெல், என்றிருந்தது.
இஸ்பெல்லுக்கு மூன்று ராத்திரியாக இருமல்,
உப்பை வறுத்துத் துணியில் கட்டி
மார்பில் வைத்திருக்கிறோம்.

சுற்று ஏழு.

அதற்குப் பிறகு நான் ஒழுங்காக இருக்கவில்லை.

பெர்கனிலிருந்து வந்த ஜாடி ஒருமுறை
வறண்டு வந்து சேர்ந்தது.
நத்தை ஊறிய சாராயத்தை
மாலுமி ஒருவன் குடித்திருக்கிறான்.
ஆள் நலம் என்று கேள்வி,
இந்த இனத்தில் நஞ்சில்லை என்பதற்கு
இதைச் சான்றாகக் கொள்ளலாமா
என்று கேட்கிறார் ஓஸ்கோர்ட்.
கேட்டது கிடைவரியில்.
பிரதியெடுத்துவிட்டேன்,
கார்ஃப்ரே அடித்துவிடுவார் என்று தெரிந்தே.

குறுக்கே, அதே தாளில்,
மனைவி அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்,
திரும்புவதாகச் சொல்லவில்லை,
ரொட்டி சுடக் கற்கிறேன்.
நேற்றையதைக் கனிமங்களோடு உரசிப் பார்த்தேன்,
சுண்ணாம்புக் கல்லில் கீறல் விழுகிறது,
படிகக் கல்லில் விழவில்லை.

பிறகு முப்பத்தெட்டாம் வருடம்.
ஹால்க்ரோ தன் கையால் அள்ளிய நத்தைக்கு
ஓஸ்கோர்ட் தன் புரவலர் ஒருவரின் பெயரை
லத்தீனில் வைத்து அச்சிட்டார்.
அடிக்குறிப்பில் ‘வடதீவு நண்பர் ஒருவர்’.
அந்த நண்பர் பதில் எழுதினார்,
‘ஐயா’ என்று தொடங்கி.

நாலு வருடம் ஐயா, ஐயா.
ஆழம், அளவு, தேதி.
குறுக்கே ஒரு வரி கிடையாது,
பக்கமெல்லாம் துடைத்துவிட்டாற்போல்.
எனக்கு என்ன, வேலை மளமளவென்று நடந்தது.
ஒரே நாளில் பதினாலு பக்கம்,
ஏழு ஷில்லிங்,
அவ்வளவு நான் சம்பாதித்ததே இல்லை.
சாயங்காலம் மறுபடி முதல் கட்டை அவிழ்த்து
இஸ்பெல்லைத் தேடினேன்.
இருமல் நின்றதா என்று
எங்கேயும் இல்லை.
எழுதிய கடிதம் கடலில் போயிருக்கலாம்,
அல்லது ஓஸ்கோர்ட் கேட்க நினைத்த மாதத்தில்
சண்டை வந்திருக்கலாம்.

நாற்பத்திரண்டு, நவம்பர்.
ஹால்க்ரோவின் கை கொஞ்சம் நடுங்குகிறது.
ஐயா, முப்பது பாகம், சேற்றடி,
உயிரோடு இரண்டு, வெற்று ஓடு
எத்தனையோ.
தாளின் பின்பக்கம் முழுக்கக் காலி.
ஒரு அத்தியாயமே எழுதலாம் அதில்.
இருந்தும் மனிதர் தாளைத் திருப்பி,
நத்தைகளின் மேலேயே,
குறுக்கே ஒற்றை வரி,
ரொட்டி இப்போது எப்படி வருகிறது?

அந்த வரிக்கு அடியில் எண் புதைந்துவிட்டது.
விளக்கைப் பின்னால் வைத்துப் பார்த்தேன்,
மூன்று என்றும் படிக்கலாம், எட்டு என்றும் படிக்கலாம்.
பிரதியில் ஒரு விரல் அகலம் விட்டிருக்கிறேன்.
கார்ஃப்ரே கேட்டால்
மை ஊறிவிட்டது என்பேன்.