ஆறின் கீழ் ஒன்று

பல்லுக் கட்டும் மேசையில்
இன்று ஒரு மாலுமி மல்லாந்து கிடக்கிறான்.
மெழுகுக் கத்தியும் பிளாஸ்டர் தூளும் ஒரு பக்கம்.
மறு பக்கம் சாய்ந்தமருது நுஸ்கி,
கைகளைத் தொடைக்கிடையில் செருகிக்கொண்டு.
"மிஸ், வடிவாப் பாருங்க. ஒரிஜினலா?"
எண்பத்தையாயிரம் கொடுத்திருக்கிறான், கட்டார்ச் சம்பளத்தில்.
வாப்பாவிடம் எயார் பிரையர் என்று சொல்லித்தான்
பெட்டி வாசல்படி தாண்டியதாம்.

உயரம் முதலில்.
வேர்னியருக்கு எட்டாது, அடிமட்டம்தான்.
முப்பது தசம் ஐந்து.
ஆறால் பெருக்க, நூற்றெண்பத்து மூன்று.
படத்தில் இவன் குனிந்துதான் கப்பலறைக் கதவைக் கடப்பான்.
சரி.

உயரத்தில் யாரும் பொய் சொல்வதில்லை.
பொய் விரல்களில் இருக்கும்.
துப்பாக்கி நழுவக்கூடாதென்று
வாழைக்காய்ச் சீப்பாக வார்த்துவிடுவார்கள்.
இவனுக்கு நகம் இருக்கிறது.
இடது பெருவிரல் நகத்தடியில் தார்க்கறை,
ஊசிமுனை அளவு.
எங்கோ ஒருவர் மூச்சை அடக்கி வைத்த புள்ளி.

பிறகு கோட்டு.
இங்கேதான் கணக்குத் தோற்கும்.
ஆளை ஆறின் கீழ் ஒன்றாக்கலாம்,
நூலை ஆக்க முடியாது.
மருதமுனைத் தறியில் எவ்வளவு மெல்லிசாய் நெய்தாலும்
இவனுக்கு அது சாக்கு.
கைகாரர்கள் என்ன செய்வார்கள்,
விளிம்புக்குள் கம்பி வைத்து
காற்றடித்த மாதிரி ஒரு மடிப்பு மடித்து
நம் கண்ணை வேறெங்கோ அனுப்பிவிடுவார்கள்.

தண்ணீரும் அப்படித்தான், சிறுக்காது.
ஒரு துளி விட்டுப் பார்த்தேன். நுஸ்கி பதறினான்.
தோளில் அது தேசிக்காயளவு நின்றது.
மலிவுப் படங்களில் கப்பல் மூழ்கும்போது
நமக்குச் சிரிப்பு வருவது இதனால்தான்.

வாய் திறந்து சிரிக்கிறான்.
இனி என் துறை.
நம் மேல் முன்பல் எட்டரை மில்லிமீற்றர்.
இவனில் ஒன்று தசம் நான்கு இருக்கவேண்டும்,
இருக்கிறது.
மட்டமான சாமானில் பல் என்பது
சுண்ணாம்படித்த மதில்.
இங்கே ஒவ்வொன்றும் தனித்தனி.
வெட்டுப்பல் ஒன்று சற்றே திரும்பி,
வரிசையில் முறைத்துக்கொண்டு நிற்கிறது.
நானும் பிழையை வேண்டுமென்றே வைப்பேன்.
பிசகாத பல்லை இந்த ஊரில்
சொந்தப் புருசனே நம்பமாட்டான்.

நுஸ்கியின் கவலை வேறு.
"தழும்பு, மிஸ். படத்தில இடப்பக்கப் புருவம்.
இவனுக்கு வலப்பக்கம். டூப்ளிக்கேட்தானே?"
போனில் படத்தை ஓடவிட்டான்.
இடம். இடம். புயலுக்குள்ளும் இடம்.
நாற்பத்திரண்டாம் நிமிடத்தில் சவரம் செய்கிறான்,
ஆடும் கப்பலில், சிறு கண்ணாடி முன்.
நிறுத்து என்றேன்.
கண்ணாடிக்குள் இருப்பவனுக்குத்
தழும்பு வலம்.
திரும்பிய பல்லும் வலம்.
இதே சிரிப்பு.

இந்த ஒரு காட்சிக்குள்ளேயே யாரோ கிடந்து
செதுக்கியிருக்கிறார்.
நகலடிப்பவன் பெட்டிப் படத்தைப் பார்ப்பான்;
அவனுக்கு இப்படிப் பிழைக்கத் தெரியாது.

"அப்ப ஒரிஜினல்?"
"கண்ணாடிக்குள்ள இருக்கிற ஆளுட ஒரிஜினல்."
அவனுக்கு அது போதவில்லை.
பெட்டியை எடுத்தான், வைத்தான், எவ்வளவு என்று கேட்டான்.
காசு வேண்டாம்,
உம்மாவின் கீழ்த்தாடை செட் மூன்று கிழமையாகக் கிடக்கிறது,
அதை எடுத்துப் போ என்றேன்.
செட்டை எடுத்தான். மாலுமியை விட்டுவிட்டான்.
வாப்பா வீட்டில்தானாம், ஒரு ராவு இங்கே நிற்கட்டுமாம்.

அலுமாரித் தட்டில்
பிளாஸ்டர்த் தாடைகளுக்கு நடுவே நிறுத்தினேன்.
அவனுக்கு அவை சுளகளவு.
கல்முனைக் கடற்காற்று யன்னலால் வந்தது.
கோட்டு ஏற்கெனவே பறந்துகொண்டிருந்தது,
வேறொரு காற்றில்.

சுவரிலிருந்து பல்லியொன்று இறங்கியது.
பன்னிரண்டு சென்ரிமீற்றர் வரும்.
பழக்கத்தில் ஆறால் பெருக்கினேன்:
உடும்பு.
அது சப்பாத்து வரை வந்து
கழுத்தைத் தூக்கிப் பார்த்தது.
அவனோ, அங்கில்லாத கண்ணாடியைப் பார்த்துச்
சிரித்துக்கொண்டே நின்றான்.