வேலந்தாவளம், இரவு இரண்டேகால்

டிபன் பாக்ஸுக்குள் டார்ச் அடித்துக் கேட்டார் சுகதன்:
எந்தா இது?
பாசி, சார்.
திங்கிறதா?
இல்லை.
விக்கிறதா?
இல்லை.
பின்னெ எந்தினா?
என் பின்னால் கோழிவண்டி ஹாரன் அடித்தது.

கண்ணாடித் தட்டு, சுற்றிலும் கறுப்புத் தாள்,
ஒரு பக்கம் மட்டும் ஊசித்துளை.
கோரையாற்றுப் பாலத்தடியில் சுரண்டியது.
லாட்ஜ் ஜன்னலில் மூன்று நாள் வைத்திருந்தேன்.
நடுவில் விட்ட பச்சை
துளையை நோக்கி விரல் நீட்டியிருந்தது,
அரிசிமணி நீளத்துக்கு.

கண் கிடையாது இதற்கு.
உடம்பே ஒரு குண்டுக் கண்ணாடி.
முன்னால் விழும் வெளிச்சம் உள்ளே வளைந்து
பின்சுவரில் ஒரு புள்ளியாகக் குவியும்.
அந்தப் புள்ளியை விட்டு விலகும். அவ்வளவுதான் தெரியும் அதற்கு.
விலகி விலகியே
வெளிச்சத்திடம் போய்ச் சேர்ந்துவிடும்.
இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சுவரில் புரதங்கள்,
ஒவ்வொன்றின் மடியிலும் ஒரு துணுக்கு நிறமி.
ஒளி பட்டால் நிறமி இடுப்பை முறுக்கும்,
புரதம் தோள் திரும்பும்,
பக்கத்தில் இருப்பதற்குச் சேதி போகும்,
மயிரிழைக் கொக்கிகள் வீசும், பற்றும், இழுக்கும்.
சிவப்புக்கு ஒரு புரதம், பச்சைக்கு ஒன்று.
நீலத்துக்கு இருப்பது
போகாதே என்னும்.

இதில் ஒன்றையும் சொல்லவில்லை.
வெளிச்சம் பார்த்து நகரும் சார், என்றேன்.

அவர் டார்ச்சை அணைத்தார்.
வரூ, என்று கூப்பிட்டு
சாவடிக்குப் பின்னால், மாடுகளுக்குத் தண்ணீர் காட்டும் தொட்டியைக் காட்டினார்.
மஞ்சள் விளக்கு இருந்தவரை இந்தப் பக்கம் பச்சையாம்.
துலாம் மாசம் வெள்ளை எல்ஈடி மாட்டினார்கள்.
இப்போது இந்தப் பக்கம் வெறும் சிமெண்ட்,
பச்சையெல்லாம் தொட்டியின் நிழல்பக்கம்.
ஆரும் தொட்டிட்டில்ல, என்றார். ஞான் நோக்கிக்கொண்டிருந்நு.

எட்டு மாதம். யாரிடமும் சொல்லாமல்.

வெள்ளைக்குள் நீலம் இருக்கு சார், என்றேன்.
அதனால்தான் இருக்கும்.
அளந்து பார்க்காமல் சொல்லியிருக்கக் கூடாது.

மேஜைக்குத் திரும்பி ரெஜிஸ்டரைப் பிரித்தார்.
இனம்: பாசி.
உயிருள்ளதா: ஆம்.
எண்ணம்?
பேனா நின்றது. நானும் நின்றேன்.
ஒரு பத்துக் கோடி, சார்.
என்னை ஒருமுறை பார்த்துவிட்டு
1 என்று எழுதினார்.

கோழிவண்டி ஹெட்லைட்டைப் போட்டது.
துளை அந்தப் பக்கம் பார்த்திருந்தது.
டிபன் பாக்ஸைத் திருப்பி வைத்தேன்.