காத்திருப்புக் காலம்

பாலம் இறங்கி வண்ணார்பேட்டைக்குள் நுழைந்ததும்
இடப்பக்கம் தெரியும் ஏழு மாடி.
மருந்துக்கடைக்கும் லிப்டுக்கும் நடுவில்
என் கண்ணாடிக் கூண்டு.
‘காப்பீட்டு உதவி’ என்று ஒட்டியிருந்ததில்
‘வி’ உரிந்து ஆறு மாதம்.
மிச்சம் நிற்பதை
‘உதை’ என்று படித்துவிட்டுச் சிரிக்காமல் போகிறவர்களும் உண்டு.

ராத்திரி பதினொன்றரைக்கு
முக்கூடலிலிருந்து கொண்டுவந்தார்கள் ஆவுடையம்மாளை.
நகக்கண்ணில் பீடித்தூள்.
இடது கையை வலது கையால் பிடித்திருந்தாள்
யாரோ கொடுத்துவைத்த பொருளைப் போல.

மூத்தவன் பூலுடையார், மினிபஸ் டிரைவர்.
இளையவன் கொம்பையா, ஓசூர் கம்பெனி.
கோயில் கொடைக்கு வந்தவன்
கையில் நெய்வேலி ஜிலேபி நிறத்தில் காப்புக்கயிறு, போனில் பாலிசி.

“ஐகிரவுண்டுக்கே போயிருக்கலாம்ல. ஒத்தப் பைசா கேக்க மாட்டான்.”
“பைசா கேக்க மாட்டான். கட்டில் கேட்டா அவன்ட்ட இருக்காது.”
“நம்ம வரியில கட்டுனதுல அது. நாலு காசு உள்ளவன்லாம் இங்கன வந்துட்டா
அதை யாருல தட்டிக் கேப்பா?”
“அம்மைய வச்சுத்தான் நீ அரசாங்கத்தத் திருத்தணுமாக்கும்.”

இதற்குப் பிறகு மூத்தவன் கொஞ்ச நேரம் பேசவில்லை.

மூத்திரப் பையோடு நின்றவர் சேர்ந்துகொண்டார்:
“அரசாங்கமே கார்டு குடுத்து இங்கதானவே அனுப்புது?
அப்போ இது யாரு ஆஸ்பத்திரி?”
செக்யூரிட்டி சிரித்தார். ஒருவரும் பதில் சொல்லவில்லை.
எனக்கும் தெரியாது.
என் மகள் பிறந்தது ஐகிரவுண்டில்,
இரண்டு கட்டிலுக்கு நடுவே பாயில் கிடந்தேன்.
முப்பது மணி நேரம் தூங்காத ஒருத்தி
கொட்டாவியை அடக்கிக்கொண்டு தையல் போட்டாள்.
தையல் பிரியவில்லை.
சம்பளம் வருவது இங்கிருந்து.

“பழைய சீட்டு ஏதும் இருக்கா?” என்றேன்.
கேட்க வேண்டும், அதுதான் வேலை.
பூலுடையார் பிளாஸ்டிக் பையிலிருந்து
பெருமையாய் எடுத்து நீட்டினான் பச்சை அட்டை நோட்டு.
“சர்க்கரைக்கு மாத்திரை வீட்டுக்கே வந்து குடுப்பாவ மேடம்,
ஒரு மாசம் தவறாது.”
ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸின் உருண்டை எழுத்து,
ஐந்து வருஷத் தேதி, ஐந்து வருஷக் கையெழுத்து.
நாலு பக்கத்தையும் ஸ்கேன் செய்து அனுப்பினேன்.

பன்னிரண்டு நாற்பதுக்குப் பதில் வந்தது.
முன்பே இருந்த நோய்.
தெரிவிக்கப்படவில்லை.
காத்திருப்புக் காலம் முடியப் பத்தொன்பது நாள் உள்ளது.

அந்த நர்ஸ் வெயிலில் நடந்து நடந்து எழுதியதை
யாருக்குச் சாட்சியாக்கினேன் என்று
அப்போதுதான் உறைத்தது.
இரண்டு லட்சம் முன்பணம் என்ற சொல்லை
முடிந்தவரை மெதுவாகச் சொன்னேன்.
மெதுவாகச் சொன்னாலும் இரண்டு லட்சம்தான்.

நூற்றியெட்டு வந்தது.
முருகன்குறிச்சிப் பக்கம் சைரன் தேய்ந்து போனபின்
பார்த்தேன்: ஸ்கேனர் மூடிக்குள் பச்சை நோட்டு.

ஆறு மணிக்கு டியூட்டி முடிந்து
பஸ் ஏறிப் பாளையங்கோட்டை போனேன்.
உள்ளே குழாய் விட்டு அடைப்பை எடுத்திருந்தார்கள், அதிகாலை மூன்றுக்கு.
ஒரே கட்டிலில் இரண்டு பேர்,
தலைமாற்றிப் படுத்திருந்தார்கள்.
ஆவுடையம்மாளின் முகத்துக்கு நேரே
யாரோ ஒருத்தியின் வெடித்த பாதம்.

நோட்டை வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்தாள்.
“எம்புட்டு ஆச்சு?”
“ஒண்ணும் ஆகல.”
நம்பாமல் என்னைப் பார்த்தாள்,
சாயங்காலம் பீடி எண்ணி வாங்குகிற ஆளைப்
பார்ப்பதுபோல.

வெளியே டீக்கடையில்
அண்ணனும் தம்பியும் இன்னும் முடிக்கவில்லை.
“மூணு மணிக்கு டாக்டர் வந்தானா இல்லையா?”
“வந்தான். கட்டிலு எங்கல?”
இரண்டு டீக்கும் பூலுடையார்தான் காசு கொடுத்தான்.
கொம்பையாவின் போன் மினுங்கியது:
அடுத்த தவணை,
கடைசித் தேதி வெள்ளிக்கிழமை.