ஒரு ‘ட்’

வெள்ளவத்தை ஸ்டேஷன் ரோட்டில்
கடலுக்கு முன்னால் தண்டவாளம்.
தண்டவாளத்துக்கு முன்னால் எங்கள் ரெக்கோடிங் பார்.
எட்டடிக்கு ஆறடி, இரண்டு டெக்,
பென்சில் விட்டுச் சுற்றிக் காப்பாற்றிய நாடாக்கள்.

அந்த வருடம் எல்லோருக்கும் அயர்லாந்து வேண்டியிருந்தது.
கடைசிப் பல்லவியில் சுருதி ஒரு படி ஏற
ஸ்டூலை விட்டு எழும்பும் பையன்கள்.
மொட்டைத்தலையோடு ஒருத்தி, கடவுளுடனேயே சண்டை பிடிப்பவள்.
இன்னொருத்தி பாடினால் சொல்லே விளங்காது,
ஈரத்துணி காற்றில் ஆடுவது போலிருக்கும்.
அந்த நாடு எங்கே என்று கேட்டேன்.
இங்கிலாந்துக்குப் பக்கத்தில், என்றார் முதலாளி.
பக்கத்தில் இருப்பதுதான் பிரச்சினை, என்றார்.
பிறகு தன் குரலைக் குறைத்துக்கொண்டு
டெக்கின் சத்தத்தைக் கூட்டினார்.

கொட்டாஞ்சேனை பெலிசியன் கல்யாண வீட்டு பாண்டில் பாடுகிறவன்.
நல்ல குரல். இங்கிலீஷ் எழுத்துத்தான் ஏறாது.
பாட்டுக்கு இருபது ரூபாய்:
நான் கேட்டுக் கேட்டுத் தமிழில் எழுதிக் கொடுப்பேன்.
பேபிக்கும் ஒரே ‘ப’, பெய்னுக்கும் ஒரே ‘ப’,
மெல்லச் சொல்ல வேண்டியதன் கீழே கோடு.
காற்று ஊதும் இடங்களில் ஆய்தம்.
பள்ளிக்கூடம் விட்டபின் அந்த மூன்று புள்ளிக்கு
நான் கொடுத்த ஒரே வேலை அது.

ஒரு வெள்ளி இரவு, பாலத்தடி செக்பொயின்ற்.
சட்டைப்பையில் நாலாய் மடித்த தாள்.
டோர்ச் அடித்து விரித்தான் ஆமிக்காரன்.
முழுக்கத் தமிழ்.
ஓரத்தில் எண்கள், அம்புக்குறிகள்,
‘இரண்டு தரம்’ என்று சிவப்பு வட்டம் வேறு.
மே மொகத?
சிந்துவ, என்றேன். இங்கிலீஷ் சிந்துவ.
எனக்குத் தெரிந்த சிங்களம் அதற்குமேல் போகாது.
கியன்ன, என்றான்.
சொல்லவா, பாடவா?
அவன் மொழியில் இரண்டுக்கும் அந்த ஒரு சொல்தான்.

பஸ்ஸால் இறக்கிய சனம் வரிசையில் நின்றது.
ஒருவர் கையில் கொத்துரொட்டிப் பார்சல் ஆறிக்கொண்டிருந்தது.
துவக்கு நிலத்தைப் பார்த்துத்தான் இருந்தது,
அதையும் சொல்ல வேண்டும்.
பாடினேன்.
வறண்ட தொண்டையில் எல்லா எழுத்தும் ஆய்தமாய் வந்தது.
இரண்டாம் சரணம், ட்ரெயினில் தனியே நிற்கிறேன் என்று
அவன் உருகுகிற இடம்.
கையைக் காட்டி நிறுத்தினான்.

கோச்சிய நெமெயி, மல்லி. வெஸ்ஸ.

கோச்சி இல்லை. மழை.
அந்த ஒரு வரியை அவனே பாடியும் காட்டினான்,
சுருதி சேராமல், எங்கேயோ பார்த்துக்கொண்டு.
தாளைத் திருப்பித் தந்தான்.
அடையாள அட்டையைத் தரவில்லை.
லொட்ஜ் பதிவு காலாவதி என்று
விடியும்வரை பொலிஸ் வாங்கில் இருந்தேன்.

காலையில் கடையைத் திறந்து நாடாவைச் சுற்றி விட்டேன்.
சரியாக அந்த வரிக்கு
காலிக் கோச்சி அலுமாரிகளை உலுக்கிக்கொண்டு போனது.
எத்தனை நாள் இப்படிக் கேட்டிருக்கிறேன்.
அது போய் முடிய விட்டு, திரும்பச் சுற்றிக் கேட்டேன்.
மழைதான்.
ஒரு ‘ட்’டை வெட்டினேன். அவ்வளவுதான் வேலை.
பெலிசியனின் இருபதில்
ஐந்து ரூபாய் அந்த ஆமிக்காரனுக்குச் சேர வேண்டும்.

அடுத்த வெள்ளி பாலத்தடியில் வேறொருவன் நின்றான்.
தாளை விரித்தான்.
நான் தொண்டையைச் செருமினேன்.
வாயை மூடு, என்றான்.