சன்னி பாக்கெட்

மகள் முதல் சம்பளத்தில் பிடித்துக் கொடுத்த
இரண்டு இரவு.
தெலுக் பஹாங், தேசியப் பூங்காவுக்கு முந்திய திருப்பம்,
ஜாதிக்காய்த் தோப்புக்குப் பின்னால் ஒரு பலகை வீடு.
'ராஞ்ச்' என்று வாசலில் எழுதியிருந்தது.
சுவரில் எந்த வண்டியிலும் ஓடாத வண்டிச்சக்கரம்,
ஆணியில் ஒரு கௌபாய்த் தொப்பி,
கட்டிலின் மேல் துண்டில் மடித்த அன்னம்.
அதைக் கலைக்க மனமில்லாமல்
முகத்தைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டேன்.
குரங்கு வரும், சன்னலைச் சாத்துங்கள் என்று
மூன்று மொழியில் ஒரு தாள். நம் மொழியில் இல்லை.
குரங்குக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.
நேராக எங்கள் சன்னலுக்குத்தான் வந்தது.

மாலையில் வேலியோரம் குதிரையைக் காட்டினார் ரோஸ்லி.
கேரட் ஒரு பாக்கெட் இரண்டு வெள்ளி.
செம்பழுப்பு நிறம். பலர் உட்கார்ந்து எழுந்த
சோபாவைப் போல நடுமுதுகு தொய்ந்திருந்தது.
சின்னப் பிள்ளைகளை ஏற்றி இரண்டு சுற்று நடக்குமாம்.
பெயர் கேட்டாள் தர்ஷிணி.
"சன்னி பாக்கெட்."

எனக்கு அந்தப் பெயர் தெரியும்.
முகம்தான் தெரியாது.

பதினான்கு வருடத்துக்கு முன்
சட்டைப்பையோடு துவைத்து மாவாகிப்போன
சீட்டுகளில் இருந்தது அது.
தூக்கத்தில் அவர் வாயில் இருந்தது.
ஒரு மாதம் அது ஒரு பெண் என்றே நினைத்தேன்.
குதிரை என்று தெரிந்ததும்
கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தேன்.
தேங்காயும் கடன்தான்.
பிறகு பிறை அடகுக்கடையில்
கம்பிக்குள் கையை நீட்டி நின்றேன்.
இரண்டு வளையல் போனது.
ஒன்று திரும்பியது.

அவர் கைப்பேசியைத் தூக்கிச் சிக்னல் தேடினார்.
மலையில் அது என்ன மரம் என்று கேட்டார்,
யாரையும் பார்க்காமல்.
ரோஸ்லி மலாயில் சொல்லிக்கொண்டே போனார்:
முன்பு பந்தயத்தில் ஓடியதுதான்,
ஒன்றும் ஜெயித்ததில்லை, சரியான சோம்பேறி,

"ஒருதடவ ரெண்டாவதா வந்துச்சு," என்றார் அவர்.
"அன்னிக்கு மழை. தரையெல்லாம் சேறு.
இல்லேன்னா முதல்."

சில்வண்டுகள் மட்டும் நிறுத்தவில்லை.
தர்ஷிணி சிரித்தாள்,
"அப்பாவுக்குக் குதிரையெல்லாம் தெரியுமா?"
நான் கேரட்டை உடைத்தேன்.

இரவு ஏர்கோன் வாளியில் சொட்டியது.
பூங்காப் பக்கம் ஏதோ ஒன்று இருமியது.
அவர் தூங்குவதுபோல் கிடந்தார்.
இருபத்தாறு வருடமாக அந்த மூச்சு எனக்குத் தெரியும்.
பேச ஒன்றுமில்லை. பேசவேண்டியதையெல்லாம்
அந்த வருடமே பேசி முடித்திருந்தோம்,
பாத்திரங்களைக் கொண்டு.

விடியலில் தனியாகப் போனேன்.
பஸ்ஸுக்கு நிற்பவரைப் போல
வேலியில் மோவாயை வைத்து நின்றது.
கன்னத்தில் நரை, ஒரு கண்ணில் பால்படலம்.
திட்டுவதற்கு நல்ல வார்த்தைகள் வைத்திருந்தேன்,
பதினான்கு வருடம் ஊறியவை.
உள்ளங்கையில் உதடு பட்டது.
இவ்வளவு மெதுவாய் வாங்கித் தின்னும் என்று
நான் நினைத்ததில்லை.
ஓடச் சொன்னார்கள், ஓடியிருக்கும்.
தன்மேல் யார் எதை வைத்தார்கள் என்று
அதனிடம் யார் போய்ச் சொல்லியிருக்கப் போகிறார்கள்?
ஒற்றை வளையலை முகர்ந்து பார்த்தது.
தின்ன ஆகாது என்று கண்டு
விட்டுவிட்டது.

அன்று படகேறி ஆமைக் கடற்கரைக்குப் போனோம்.
ஆமை வரவில்லை.
தர்ஷிணி எங்கள் இருவரையும் நெருங்கி நிற்கச் சொல்லிப்
படம் எடுத்தாள். நின்றோம்.

கிளம்பும் காலை ரோஸ்லி கணக்குச் சொன்னார்.
வீட்டுக்கு முன்பே கட்டியாகிவிட்டது.
கேரட் மட்டும், ஒன்பது பாக்கெட்,
பதினெட்டு வெள்ளி.
என் கணக்கில் ஆறுதான்.
அவர் செருப்பைப் பார்த்தேன்.
விளிம்பில் காய்ந்த சாணமும் வைக்கோலும்.

அவர் பர்ஸைத் தொட்டார்.
"இருக்கட்டும்," என்றேன்.
"இந்தக் குதிரைக்குக் கொடுத்து
எனக்குப் பழக்கம்."